வாக்கி டாக்கி வாங்கிவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து செல்போன் கோபுரங்கள் செயலிழந்தால், இரண்டொரு நாளில் 'ஹாம் வானொலி ஆர்வலர்கள் உதவி' என்று செய்தி வரும் (ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி என்பது, அரசு உரிமம் பெற்ற தனிமனிதர்கள் சொந்த ஆர்வத்தில் ஒருவரோடொருவர் பேசும் வானொலி). அதைப் படித்துவிட்டு, 'நாங்களும் வருகிறோம், எங்கே வந்து நிற்க வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனதுடன்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் வந்து நிற்பவரை அவசரத் தொடர்புக் குழுக்கள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. கர்வம் காரணமல்ல. கருவியை இயக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். பிறர் தந்த செய்தியை ஓர் எண்கூடப் பிசகாமல் கேட்டு, எழுதி, உரியவரிடம் சேர்க்கப் பழகுவதற்கோ மாதங்கள் பிடிக்கும். சேர நினைப்பவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பே சேர வேண்டும். சேர்ந்தால் அங்கே என்ன வேலை காத்திருக்கிறது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

அந்தமானில் 2004-ல் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையிலான குழு, அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்திலேயே போர்ட் பிளேரில் ஆன்டெனாக்களை நிறுவி உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. அபூர்வமான இடத்திலிருந்து ஒலிபரப்பு என்றால் ஒரே நேரத்தில் பல நிலையங்கள் முட்டிமோதிக் கூப்பிடும். அந்தக் கூச்சலில் ஓர் அழைப்புக்குறியை, அதாவது ஒரு நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயரை, பிரித்தெடுத்து எழுதுவதே அவர்களுடைய அன்றாட வேலையாக இருந்தது. 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, அதே நிலையம் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தத் தொடங்கியது. ஆன்டெனா ஏற்கெனவே நின்றிருந்தது, காதும் பழகியிருந்தது. அலை வந்த பிறகு பெட்டியைப் பிரித்திருந்தால் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்காது.

முதல் தேவை உரிமம். அமெச்சூர் அலைவரிசைகளில் பேச, அவரவர் நாட்டு அரசு நடத்தும் அல்லது அங்கீகரிக்கும் தேர்வில் தேறி அழைப்புக்குறி பெற வேண்டும். மோர்ஸ் தந்திமுறையைக் கற்றே ஆக வேண்டும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2003-ல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு அதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. பல நாடுகள் அந்தத் தேர்வைக் கைவிட்டும்விட்டன. பேரிடர்க் காலத் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் தயாராவதற்கு நாடுகள் வழிசெய்யும்படி ஊக்குவிக்கும் விதியும் அதே மாநாட்டில்தான் சேர்ந்தது. ஆனாலும் உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் உங்களைக் கட்டுப்படுத்தும். மலிவாகக் கிடைக்கும் சில வாக்கி டாக்கிகள் காவல்துறை, தீயணைப்புத் துறை அலைவரிசைகளிலும் ஒலிபரப்பக்கூடியவை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நினைத்து அங்கே புகுந்து பேசினால், மீட்புப் பணியின் பேச்சையே அடைத்துவிடுவீர்கள்.

இனி, வேலையின் மையத்துக்கு வருவோம். அவசரத் தொடர்பில் செய்தி என்பது தாளில் எழுதப்பட்ட ஒன்று. அதற்கு வரிசை எண், முன்னுரிமை, புறப்பட்ட நிலையம், சொல் எண்ணிக்கை, இடம், நேரம், தேதி, பெறுநர், உள்ளடக்கம், அனுப்புபவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். உள்ளடக்கம் 25 சொற்களுக்குள் இருப்பது நல்லது. இது சிவப்பு நாடா என்று புதியவர்கள் சலித்துக்கொள்வார்கள். முகாமில் மருத்துவர் எழுதித் தரும் ஒரு தாளைப் பாருங்கள்: 'இன்சுலின், மில்லிக்கு 40 யூனிட் வகை, 10 குப்பி. அதற்குரிய ஊசி 50. இன்று 18:00 மணிக்குள்.' பழகாதவர் மைக்கைப் பிடித்து, 'பத்து பாட்டில் இன்சுலின் வேணுமாம், ஊசியும் கேக்குறாங்க, அர்ஜென்ட்' என்பார். இன்சுலின் மில்லிக்கு 100 யூனிட் வகையிலும் வருகிறது. அதற்கான ஊசியின் அளவுக்கோடுகள் வேறு. '40' விழுந்துவிட்டால் மறுமுனையில் கையில் கிடைத்ததை அனுப்புவார்கள். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் அளந்து ஏற்றினால் உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. மருத்துவம் தெரியாத வானொலி இயக்குநருக்கு எந்தச் சொல் முக்கியம் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே படித்தால் போதும். கையெழுத்து புரியாவிட்டால், அனுப்பும் முன் எழுதியவரிடமே கேட்க வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

சொல் எண்ணிக்கை எதற்கு என்றால், பெற்றவர் தாளில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்து, அனுப்பியவர் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுவதற்கு. ஒன்று குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். நான்கைந்து சொற்களாகப் படித்து, எழுதுபவர் கைக்கு நேரம் கொடுத்து நிறுத்த வேண்டும். நீங்களே கூடவே எழுதிப் பார்த்தால் வேகம் தானாகச் சரியாகும். தமிழில் பேசும்போது எண்களில் தனிக் கவனம் தேவை. இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலவே கேட்கும். அறுபதும் அறுநூறும் அப்படியே. ஆகவே 'எழுபது, இலக்கமாக ஏழு, பூஜ்யம்' என்று இரண்டு விதமாகவும் சொல்வது வழக்கம். ஆங்கில எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்றே சொல்ல வேண்டும். பி, டி, வி மூன்றும் காற்றில் ஒரே ஒலிதான். 'ரோஜர்' என்றால் 'முழுவதும் கேட்டேன்' என்று மட்டுமே பொருள். 'சரி', 'செய்கிறேன்' என்ற பொருளில் அதைப் பயன்படுத்துபவர்களால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒழுங்காகப் பேசும் ஏற்பாட்டை நெட் என்கிறோம். கண்ட்ரோல் நிலையம் ஒன்று யாருக்கு முறை என்று சொல்லும். மற்றவர்கள் கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது. எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்த சிக்னல் மட்டும் கேட்கும், மெலிந்தது தடமில்லாமல் மறையும். மெலிந்தவருக்குத் தன் செய்தி போகவில்லை என்பதே தெரியாது. அதனால், செய்தி எண்ணைச் சொல்லி ஒப்புதல் வராதவரை அது போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். பேசும் பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். ரிப்பீட்டர் (உங்கள் சிக்னலை வாங்கி, உயரத்திலிருந்து மீண்டும் ஒலிபரப்பும் நிலையம்) விழித்தெழும் முன் பேசினால் முதல் சொல் அறுபட்டுப் போகும். அந்த முதல் சொல் பெரும்பாலும் உங்கள் அழைப்புக்குறியாகவோ 'வேண்டாம்' என்பதாகவோ இருக்கும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று கூப்பிட வருபவருக்கு அதுதான் நுழைய வழி.

கருவிகள் ஏன் கைவிடுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலான நேரம் குற்றவாளி மின்சாரம்தான். 50 வாட் வாகன வானொலி ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ அரை ஆம்பியரும், முழுத் திறனில் பேசும்போது 11 ஆம்பியர் அளவும் இழுக்கும். மணிக்கு 6 நிமிடம் பேசுவதாகக் கணக்கிட்டால் சராசரி 1.55 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 37 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் சீக்கிரம் கெடும் என்பதால் 75 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் பாருங்கள். அதே வானொலியை 10 வாட்டுக்குக் குறைத்தால் பேசும்போது 4 ஆம்பியர் அளவுதான். ஒரு நாளுக்கு 20 ஆம்பியர்-மணி, 40 ஆம்பியர்-மணி பேட்டரியே போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையானால் 25-க்குள் முடியும், எடையும் மிகக் குறைவு. 50-லிருந்து 10-க்கு இறங்கினால் மறுமுனையில் இழப்பு 7 டெசிபல். ரிப்பீட்டரை ஏற்கெனவே தெளிவாக எட்டுகிறீர்கள் என்றால் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கண்ட்ரோல் நிலையத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அது பாதி நேரம் பேசிக்கொண்டே இருக்கும்.

பேட்டரி நிறைந்திருந்தும், பட்டனை அழுத்தியதும் வானொலி அணைந்துவிடுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். மெல்லிய ஒயரைப் பாருங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 3 மீட்டர் தூரம் என்றால், போக வர 6 மீட்டர், மின்தடை 0.2 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 2 வோல்ட் தொலைந்துபோகும். பேட்டரி முனையில் 12.6 இருந்தாலும் வானொலிக்கு 10.6 மட்டுமே கிடைக்கும். 13.8 வோல்ட்டுக்கு வடிவமைத்த கருவிகளில் பல 11.7-க்குக் கீழே ஒழுங்காக இயங்காது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பட்டனை அழுத்தியபடி, வானொலியின் பின்புறத்தில் அளக்க வேண்டும். ஃபியூஸ் எப்போதும் பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே இருக்கட்டும். வானொலிப் பக்கம் மட்டும் வைத்தால், நடுவில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போகாது, ஒயர் எரியும்.

அடுத்தது ஆன்டெனா. வாக்கி டாக்கியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சட்டைப்பைக்கு வசதி, தொலைவுக்கு அல்ல. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 49 சென்டிமீட்டர். அந்த அளவு நெகிழ்வான ஆன்டெனாவைப் பொருத்தி, அதே 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனா கனெக்டரின் வெளிவளையத்தில் கட்டித் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். வாங்கும்போது கனெக்டரைப் பாருங்கள்: எஸ்.எம்.ஏ. வகையில் சில கருவிகளில் ஊசி வானொலியில் இருக்கும், சிலவற்றில் ஆன்டெனாவில். குழுவில் எல்லோரிடமும் இரண்டு வகையும் கலந்திருக்கும் என்பதால் மாற்று அடாப்டர் பையில் இருந்தே ஆக வேண்டும். வெளியே ஆன்டெனா கட்டி உள்ளே வானொலி வைத்தால் கேபிளின் நீளம் கணக்கில் வரும். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டருக்கு 4 டெசிபல் அளவு விழுங்கும். நீங்கள் தரும் 5 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போவது 2 வாட். கேட்கும் திசையிலும் அதே இழப்புதான், அது பலருக்கு உறைப்பதில்லை. மழையில் நிற்கும் கனெக்டர்களைச் சுய-ஒட்டு ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள். தண்ணீர் ஒருமுறை கேபிள் பின்னலுக்குள் ஏறிவிட்டால் அந்தக் கேபிள் குப்பைதான்.

மின்கம்பிகளிடம் விளையாட்டே கூடாது. ஆன்டெனாக் கம்பம் சாய்ந்தால் எட்டும் தூரத்தில் மின்கம்பி இருந்தால், ஊரே இருண்டிருந்தாலும் அங்கே நிறுத்தக் கூடாது. யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டு, மின்சாரம் எதிர்த்திசையில் கம்பிக்கு ஏறியிருக்கலாம். இடி கேட்டால் கேபிளைக் கழற்றிவிட்டு விலகி நிற்க வேண்டும்.

ரிப்பீட்டர் இருக்கும்வரை எல்லாம் சுகம். மின்சாரம் போய் அதன் பேட்டரியும் தீர்ந்தால் என்ன செய்வது? ரிப்பீட்டர் பேட்டரி 12 மணி நேரம் தாங்கும் என்று ஏட்டில் எழுதியிருக்கும். பயிற்சி நாளில் மெயின் சுவிட்சை அணைத்து, நெட் நடத்தி, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். நான்கைந்து ஆண்டு பழைய பேட்டரி பாதி நேரம்கூடத் தாங்காமல் போவது சாதாரணம். அது நின்ற பிறகு எந்த சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்) அலைவரிசைக்குப் போவது என்பதை முன்பே தீர்மானித்து, எல்லோர் கருவியிலும் பதிந்து, காகிதத்திலும் அச்சிட்டு வைக்க வேண்டும். நேரடியாகப் பேசும்போது தரையில் நிற்கும் 5 வாட் வாக்கி டாக்கி கட்டடங்களுக்கிடையே சில கிலோமீட்டர்தான் எட்டும். ஆகவே உயரமான மாடியில் ஒருவரை நிறுத்தி, அவர் கேட்டதை அப்படியே அடுத்தவருக்குச் சொல்லும் ரிலே முறையைப் பழக வேண்டும். எங்கள் பார்வையில், ரிப்பீட்டர் இல்லாமல் நடக்கும் ஒரு பயிற்சி, அதோடு நடக்கும் ஐந்துக்குச் சமம்.

பக்கத்து மாவட்டங்களை எட்ட 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அரை அலை டைபோல் என்னும், நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனாவுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, ஒரு பக்கத்துக்குப் பத்து. எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு இங்கே செல்லாது. 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை நேர்மேலே போய், வானில் உயரே மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் முந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும். மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை. இரவில் இதே அலைவரிசையில் தூரத்து நாடுகள் கணீரென்று கேட்கும், பக்கத்து மாவட்டம் மட்டும் காணாமல் போகும். அயனி மண்டலத்தின் அடர்த்தி இரவில் குறைந்து, நேர்மேலே வரும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்ப முடியாமல் விட்டுவிடுவதே காரணம். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்க வேண்டும். அதற்கு இரு மடங்கு நீளக் கம்பி தேவை, அதையும் பகலிலேயே கட்டிவிடுவது புத்திசாலித்தனம். முகாமில் ஓடும் இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்கும் இந்த அலைவரிசைகளில் பெரும் இரைச்சலைக் கிளப்பும். ஆன்டெனாவை 20, 30 மீட்டர் தள்ளிக் கட்டிப் பாருங்கள். உலக அளவில் 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்றும் அவசரத் தொடர்புக்கான மைய அலைவரிசைகள் என்று சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் வகுத்திருக்கிறது. பேரிடர் நேரத்தில் அவற்றின் அருகே வெட்டிப்பேச்சு வேண்டாம் என்பது உதவிக்குப் போகாத ஹாம்களுக்கும் பொருந்தும்.

முகாம் பட்டியல், மருந்துப் பட்டியல் போன்ற நீளமானவற்றை வாயால் படிப்பதைவிட வின்லிங்க் மூலம் வானொலி வழி மின்னஞ்சலாக அனுப்புவது மேல், எழுத்துப்பிழையின்றிப் போகும். ஆனால் மடிக்கணினிக்கும் மின்சாரம் வேண்டும், மென்பொருள் வீட்டிலேயே பலமுறை ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

பையில் வானொலியும் பேட்டரியும் போக, ஹெட்ஃபோன் முக்கியம். முகாமின் கூச்சலில் கேட்கவும், முகாமில் இருப்பவர்கள் காதில் தேவையற்றது விழாமலிருக்கவும் அது வேண்டும். பேனாவைவிடப் பென்சில் நல்லது, நனைந்த தாளில் மை பரவிவிடும். உதிரி ஃபியூஸ், நெற்றி விளக்கு, அடையாள அட்டை, உங்களுக்கான தண்ணீர், உணவு, மருந்து. உதவப் போன இடத்தில் நீங்களே நிவாரணம் கேட்டு நிற்கக் கூடாது.

அழைப்பு வராமல் கிளம்பிப் போகாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த முகாமுக்கு எத்தனை பேர் என்பதை உதவி கேட்கும் நிர்வாகமும் குழு ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். தானாகப் போனவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவர் வெள்ளத்தில் மாட்டினால் தேடக்கூட ஆள் இருக்காது. ஒரு நிலையத்துக்குக் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் பேச, ஒருவர் எழுத. 12 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் உட்காரக் கூடாது, எண்கள் பிசகத் தொடங்கும். அமெச்சூர் அலைவரிசையில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சங்கேதம் போட்டு மறைக்க உரிமமும் பொதுவாக இடம் தராது. ஆகவே இறந்தவர் பெயர், நோயாளி விவரம், பணமும் பொருளும் எந்த வழியில் வருகின்றன என்பதெல்லாம் காற்றில் ஏறக் கூடாது. நிர்வாகம் கேட்டாலும் மறுத்து, வேறு வழி சொல்ல வேண்டியது இயக்குநரின் பொறுப்பு. கேட்ட செய்தியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுபவருக்குக் குழுவில் இடமே இல்லை.

உரிமம் வாங்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லாக் (எந்தச் செய்தி எப்போது வந்தது, போனது என்ற பதிவேடு) எழுதுவது, தாளைப் பெறுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது, பேட்டரிகளைச் சுற்றில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது, வரைபடம் பார்த்து வழி சொல்வது ஆகியவற்றுக்கு உரிமம் தேவையில்லை, ஆள்தான் எப்போதும் பற்றாக்குறை. எலக்ட்ரீஷியன், வாகன ஓட்டி, வேகமாகவும் தெளிவாகவும் கையெழுத்து வருபவர் என்று யாருக்கும் வேலை இருக்கிறது. பல குழுக்கள் வாரம் ஒருநாள் அரைமணி நேரம் பயிற்சி நெட் நடத்துகின்றன. அருகில் உள்ள அமெச்சூர் வானொலிச் சங்கத்தில் விசாரித்து, சில வாரம் கூடவே உட்கார்ந்து, கேட்கும் செய்திகளைத் தாளில் எழுதி, சொல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கருவி வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எதை வாங்குவது என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி அவசரத் தொடர்புத் தன்னார்வலர்கள்